தீயாறு செல்லும் வழி



தமிழர் கடல் கடந்து குடியேறிய நாடுகள் எவை என்று கேட்டால், இலங்கை, மலேசியா, பர்மா, தென்னாப்பிரிக்கா என்று நாம் தடையின்றிக் கூறிவிடுவோம். ரீயூனியன் என்னும் தீவின் பெயர் அத்துணை எளிதில் நம் நாவில் எழுவதில்லை. இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே உள்ள அத்தீவு பிரெஞ்சு நாட்டின் ஆட்சிப் பகுதியாகும். 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும், பின்னர் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பிரிட்டிஷ் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும், தமிழர் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1882இல் ஆங்கில அரசு இந்த ஆளனுப்புதலை நிறுத்தியது. சென்றவர்களுள் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களிடையே தமிழ்ப் பேச்சு பெரிதும் மறைந்துவிட்டது. ஆயினும் கோயிலும் தீமிதித் திருவிழாவும் இன்றளவும் மறையவில்லை.

ஆண்டுதோறும் தீ மிதிக்கும் அம்மக்கள் வாழும் தீவின் தென்கிழக்கில், மெய்யாகவே நெருப்பைக் கக்கும் மலை ஒன்று நிற்கிறது. பிதோன் த லா ஃபூர்னேஸ் என்பது அதன் பெயர். ‘உலைக்களச் சிகரம்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். 2,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய அம்மலை, உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளுள் ஒன்று. 1708 முதல் ஏறத்தாழ 250 முறை அது வெடித்திருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, குதிரைக் குளம்பு வடிவமான ஒரு பெரும் பள்ளத்தினுள் நிகழ்ந்தவை. ‘அடைப்பு’ என்று பொருள்படும் சொல்லால் அப்பள்ளத்தைக் குறிப்பர். கிழக்கே கடலை நோக்கித் திறந்திருக்கும் அவ்விடத்தில் குடியிருப்பு இல்லை. ஆகவே உருகிய பாறைக் குழம்பு பெரும்பாலும் ஒருவருக்கும் தீங்கின்றிக் கடல் நோக்கி வழிந்துவிடுகிறது.

பெரும்பாலும் என்றேன். பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டு முறை இக்கட்டு மீறப்பட்டிருக்கிறது. 1977 ஏப்ரலில் அடைப்புக்கு வெளியே நிலம் பிளந்தது. எரிகுழம்பு சரிவில் இறங்கி, பிதோன் சேன்த் ரோஸ் என்னும் கடலோரச் சிற்றூருக்குள் புகுந்தது. மக்கள் முன்னரே வெளியேறியமையால் உயிர்ச் சேதம் இல்லை. வீடுகள் பல எரிந்தன. ஊர்த் தேவாலயத்தைச் சூழ்ந்துகொண்ட குழம்பு அதன் வாயிலளவில் நின்றுவிட்டது. இன்று அதற்கு ‘எரிகுழம்பின் அன்னை’ என்னும் பொருளுடைய பெயர் வழங்குகிறது. அதனை அற்புதம் என்று போற்றுவோர் உளர். அந்நம்பிக்கையில் நாம் தலையிட வேண்டுவதில்லை. ஆயினும் அடுத்த முறை எந்த வீட்டின் வாயிலில் தீ வந்து நிற்கும் என்னும் கேள்வி அவ்வூர் மக்களின் உள்ளத்தில் எழுந்திருக்கும் அன்றோ? 1979இல் அம்மலையைக் கண்காணிக்க ஓர் ஆய்வுநிலையம் அமைக்கப்பட்டது.

தீக்குழம்பின் வழியைத் தன் விருப்பப்படி மாற்ற மனிதன் முயன்ற வரலாறு பழமையானது. 1669இல் சிசிலித் தீவின் எட்னா எரிமலை பொங்கி, கத்தானியா நகரை நோக்கி வந்தது. அந்நகரத்தார் சிலர் நீரில் நனைத்த தோல்களைப் போர்த்துக்கொண்டு, இரும்புக் கோல்களால் குழம்பின் கரையை உடைத்துத் திசை திருப்ப முற்பட்டனர். குழம்பும் சிறிது திரும்பியது. ஆனால் பத்தெர்னோ என்னும் அயலூரை நோக்கித் திரும்பியது! அவ்வூரார் திரண்டு வந்து அவர்களைத் தடுத்துவிட்டனர். தன் ஊரைக் காப்பதற்குச் செய்யும் செயல் பிறர் ஊரை அழிக்கலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. குழம்பு எங்கெங்கே செல்லக்கூடும் என்பதை முழுமையாக அறியாமல் அதனைத் திருப்புவது நன்றன்று.

இவ்வறிவைப் பெறும் வழி கணிப்பொறியின் வரவால் திறந்தது. 1980களில் ஜப்பானிலும் இத்தாலியிலும் அறிஞர்கள், நிகழாத பெருக்கினை நிகழ்ந்ததுபோல் கணிப்பொறியில் நடத்திப் பார்க்கத் தொடங்கினர். அம்முறையின் அடிப்படை நம் உழவர் வாய்க்கால் வெட்டும்போது கையாளும் அறிவேயாகும். மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும் பொருள், தனக்கு எதிர்ப்படும் சரிவுகளுள் மிகச் செங்குத்தானதையே நாடும். ஆகவே மலைச் சரிவு முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும் அளந்து கணிப்பொறிக்குக் கொடுத்தால், பாயும் வழியை அது கூறிவிடும்.

ஆனால் எரிகுழம்பு தண்ணீரன்று. ஆயிரத்து நூறு பாகை வெப்பத்தில் வெளிப்படும் அது, செல்லச் செல்லக் குளிர்ந்து இறுகும். தன் கனத்தால் சிறு மேடுகளை ஏறிக் கடக்கும். முன்சென்ற குழம்பு இறுகித் தடுத்தால் பக்கவாட்டில் விலகும். இதனை ஈடுசெய்ய இத்தாலியின் பீசா நகர அறிஞர்கள் 2005இல் ஒரு முறையை வெளியிட்டனர். ‘டவுன்ஃப்ளோ’ என்பது அதன் பெயர். கட்டங்களின் உயரத்தைக் குறிப்பிட்ட அளவிற்குள் சிறிது கூட்டியும் குறைத்தும் வழியைக் கணக்கிடுவர். மீண்டும் உயரங்களை மாற்றிக் கணக்கிடுவர். இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை செய்தபின், எந்தக் கட்டத்தின்மேல் மிகப் பல வழிகள் சென்றனவோ அதுவே பேரிடர் நிறைந்த கட்டம் என்று குறிப்பர்.

ரீயூனியன் எரிமலைக்கு இம்முறையைக் கையாண்டு 2021இல் இடர் நிலப்படம் ஒன்று வெளியிடப்பட்டது. முற்காலத்தில் நிலம் எங்கெங்கே பிளந்தது, எத்துணை ஆண்டுக்கு ஒருமுறை பிளந்தது, குழம்பு எவ்வளவு தொலைவு ஓடியது ஆகிய வரலாற்றுச் செய்திகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டனர். அடைப்பினுள் சில இடங்களில் குழம்பு வந்தடையும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு வரை உள்ளது. வெளியே, நிலம் பிளக்கக்கூடிய பகுதிகளையொட்டி, அவ்வாய்ப்பு நூற்றுக்கு அரை வரையிலேயே நிற்கிறது. அரை என்பது சிறு எண்ணே. ஆயினும் மூன்று நூற்றாண்டில் பன்னிரண்டு முறை என்றால், சராசரியாக இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை அடைப்புக்கு வெளியே எங்கேனும் நிலம் பிளக்கிறது என்பது பொருள். 1977க்குப் பின் 1986லும் 1998லும் அவ்வாறே நிகழ்ந்தது. ஒரு வீட்டிற்கு அரிதாகத் தோன்றும் இடர், தீவு முழுமைக்கும் அரிதன்று. நிலப்படத்தைப் படிப்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. இந்நிலப்படம் ஒருமுறை வரைந்து சுவரில் மாட்டிவிடும் பொருளன்று. 2007இல் வழிந்த குழம்பு சில இடங்களில் பல மீட்டர் கனத்திற்குப் படிந்து, பழைய பள்ளத்தை மேடாக்கியது. நேற்றைய பள்ளத்தை நம்பிக் கணக்கிட்டால் நாளைய வழி தவறிவிடும். ஒவ்வொரு பெருக்குக்குப் பின்னும் நிலத்தை மீண்டும் அளத்தல் வேண்டும்.

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதும் அன்று. ஐஸ்லாந்தில் 2023 நவம்பரில் கிரிந்தாவிக் என்னும் நகரத்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். குழம்பு செல்லக்கூடிய வழிகளைக் கணிப்பொறியில் ஆராய்ந்து, காக்கும் கரைகள் எழுப்பப்பட்டன. 2024 ஜனவரியில் தீக்குழம்பு வந்தபோது, கரைக்கு உட்புறமாக நிலம் பிளந்தமையால் மூன்று வீடுகள் எரிந்தன. பெரும் பகுதிக் குழம்பைக் கரைகள் திருப்பிவிட்டன.

நம் பாரத நாட்டிலும் செயலுடைய எரிமலை ஒன்று உண்டு. அந்தமான் கடலில், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாரன் தீவே அது. 1787இல் அதன் வெடிப்பு பதிவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பின் நெடுங்காலம் உறங்கி, 1991இல் மீண்டும் விழித்தது. அதன்பின் பலமுறை பொங்கியது. அதன் வட்டச் சுவரும் மேற்கே மட்டும் திறந்திருப்பதால், குழம்பு அவ்வழியே கடலில் இறங்குகிறது. மக்கள் இல்லாத தீவாதலின் அழுவார் இல்லை. ரீயூனியனிலோ சரிவின் அடியில் மக்கள் வாழ்கின்றனர். இடர் என்பது மலையால் மட்டும் அமைவதன்று. நாம் குடியேறும் இடத்தாலும் அமைவது.

இச்செய்தியை வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்குச் சிறப்பாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சொந்த ஊரில் எந்த ஓடை எந்த ஆண்டு பெருகியது, எந்தத் தெருவில் வெள்ளம் புகுந்தது என்பதைப் பாட்டனார் சொல்லி அறிந்திருப்போம். பிழைப்பு நாடிப் பிற மண்ணில் குடியேறியவர்க்கு அந்த நினைவு இல்லை. ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துக் கப்பலேறிய கூலிக்கு அம்மலையின் வரலாற்றை எவரும் சொல்லியிருக்க மாட்டார்.

நான் வாழும் மயூர் விஹார் யமுனையின் கிழக்குப் புறத்தில் உள்ளது. 2023 ஜூலை 13ஆம் நாள் தில்லிப் பழைய இரயில் பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டி, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் அளவைக் கடந்தது. ஆற்றின் படுகையில் குடிசை அமைத்து வாழ்ந்தோர் எங்கள் பகுதிச் சாலையோரங்களில் கூடாரங்களில் தங்கினர். 1978ஐக் கண்டறிந்த முதியோர் சிலரே. எங்களுள் மிகப் பலர் அதன்பின் வந்து குடியேறியவர்கள்.

ஆறாயினும் தீயாறாயினும் அது செல்லும் வழி நிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முன்னோர் நினைவு இல்லாதவிடத்து, அளந்து கணக்கிட்டு வரைந்த நிலப்படமே நமக்கு அந்நினைவாக உதவும். குடியேறும் ஊரில் பள்ளியும் சந்தையும் எங்கே என்று கேட்கும் நாம், இந்நிலத்தில் முன்பு எது பாய்ந்தது என்றும் கேட்போமாக.