தோல் வாஷரும் பிரேக் பூஸ்டரும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை ஒரு முறையேனும் பிரித்துப் பார்த்திராத மாணவர் இரார். கம்பியின் முனையில் சிறு கிண்ணம் போலக் குழிந்த ஒரு தோல் வில்லை இருக்கும். அதனைத்தான் வாஷர் என்கிறோம். கம்பியை அழுத்தும்போது உள்ளே நெருக்குண்ட காற்று அத்தோலின் விளிம்பைக் குழாய்ச் சுவரோடு ஒட்டவைக்கிறது. அழுத்தம் மிகுந்தால் ஒட்டுதலும் மிகுகிறது. கம்பியைப் பின்னிழுக்கும்போது விளிம்பு தளர்ந்து காற்றுக்கு வழி விடுகிறது. ஒரு துண்டுத் தோல், எவரும் சொல்லித் தராமலே, கதவாகவும் தாழ்ப்பாளாகவும் வேலை செய்கிறது.

இந்த எளிய பொருளுக்கும், பழைய மோட்டார் வண்டிகளின் பிரேக்கிலே அமைந்த ‘சர்வோ’ என்னும் துணைக் கருவிக்கும் நெருங்கிய உறவு உண்டு. நம் பட்டறைகளில் அதனைப் பூஸ்டர் என்பார்கள். பழுதாகிவிட்ட பூஸ்டருக்குப் பொருத்தமான மாற்றைத் தேடுவோர் இன்று படும் பாடு, தோலில் தொடங்கி ரப்பரில் முடிந்த ஒரு வரலாற்றின் கடைசி அத்தியாயமே ஆகும்.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைத் தோல் நகரங்கள் என்று நீங்கள் அறிவீர்கள். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இவையும் பிரிந்து நின்றன. ஆயினும் தொழில் ஒன்றே. குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவுமுன் இங்கே ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோலைப் பதனிட்டனர். அப்படிப் பதனிட்ட தோலுக்கு ஓர் அரிய குணம் உண்டு: நனைத்து அச்சிலே அழுத்தி உலர்த்தினால், அவ்வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். குரோம் தோல் மென்மையிலும் வெப்பம் தாங்குவதிலும் சிறந்தது. ஆனால் இந்த அச்சுப் பிடிப்பில் அதற்கு ஈடாகாது. வாஷருக்குப் பட்டைத் தோலை நாடியதற்குக் காரணம் இதுவே.

இனி மோட்டார் வண்டிக்கு வருவோம். தொடக்க காலத்தில் பிரேக்கை இயக்கியவை கம்பிகளும் வடங்களுமே; நிறுத்தும் வலிமை முழுவதும் ஓட்டுபவரின் காலிலிருந்து வரவேண்டும். வண்டிகள் பெருத்து வேகமும் கூடியபோது கால் போதவில்லை. 1919-இல் ஹிஸ்பானோ-சுயிசா நிறுவனம் வண்டியின் ஓட்டத்தையே பயன்படுத்திப் பிரேக்கை இறுக்கும் ஓர் இயந்திரத் துணையை அமைத்தது. ரோல்ஸ் ராய்ஸ் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ஆல்பர்ட் டிவாண்டர் 1920-களில் வேறு வழி கண்டார். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலே எப்போதும் ஒரு பாதி வெற்றிடம் நிலவுகிறதல்லவா? அதனை ஓர் உருளையின் ஒரு புறத்தில் இணைத்து, மறுபுறத்தில் வெளிக்காற்றை விட்டால், காற்றே உள்ளிருக்கும் பிஸ்டனைத் தள்ளும். ஜோலார்பேட்டை வழியே நெடுங்காலம் ஓடிய ரயில்களின் வெற்றிட பிரேக்கும் காற்றழுத்த வேறுபாட்டை நம்பியதுதான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஏழு அங்குல விட்டமுள்ள தட்டின் பரப்பு ஏறத்தாழ 248 சதுர சென்டிமீட்டர். இருபுறத்துக்கும் அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோகிராம் என்று கொண்டால், தட்டின்மேல் விழும் விசை 170 கிலோகிராமுக்குச் சற்று மேல். இரண்டு ஆட்கள் ஏறி நின்று மிதிப்பதற்கு ஒப்பான உதவி, ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய தகட்டிலிருந்து கிடைக்கிறது!

இதற்கிடையே பிரேக்கின் மற்றொரு பகுதியும் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் திரவத்தைக் குழாயில் அடைத்து நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தத்தை அனுப்பும் முறையை வகுத்தார். பள்ளியில் நாம் படிக்கும் பாஸ்கல் விதிதான். திரவம் கசியாதிருக்க அவர் முதலில் பயன்படுத்தியதும் தோல் கிண்ணமே. ஆனால் சைக்கிள் பம்பில் சிறிது கசிந்தால் இரண்டு முறை கூட அடித்துக்கொள்ளலாம். பிரேக்கில் அவ்வாறு இயலாது. 1924-இல் வெளிவந்த கிரைஸ்லர் வண்டிக்காக அந்நிறுவனப் பொறியாளர்கள் தோலை நீக்கி ரப்பர் கிண்ணங்களை இட்டனர். அதன் பிறகே திரவ பிரேக் நம்பத்தக்கதாயிற்று.

தோல் அத்துடன் விடைபெறவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை ஓட்டிய ஜி.எம்.சி. லாரிகளில் ‘ஹைட்ரோவாக்’ என்னும் பூஸ்டர் இருந்தது. அதன் வெற்றிட உருளைக்குள் ஓடும் பிஸ்டனைச் சுற்றித் தோல் விளிம்பு. அதன் உட்புறம் எண்ணெய் ஊறிய பருத்தித் திரி. அதையும் உள்ளிருந்து வெளித்தள்ளும் எஃகு வளையம். அதே கருவியின் திரவப் பகுதியிலோ ரப்பர் கிண்ணம். போர் முடிந்தபின் படையினரின் வண்டிகள் பல ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் விற்கப்பட்டுச் சரக்கேற்றப் புறப்பட்டன.

1970-களில், நான் பள்ளி மாணவனாயிருந்தபோது, ஆம்பூரில் ஒரு லாரிப் பட்டறையில் அத்தகைய பூஸ்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்ததைக் கண்டேன். மூத்த மெக்கானிக்கை எல்லாரும் ‘பாய்’ என்றே அழைப்பர். அவர் பட்டைத் தோலில் முதுகுப் பகுதியாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். வயிற்றுப் பகுதி இழுபடும் என்று ஒதுக்கினார். நனைத்து, மர அச்சில் இறுக்கி, உலர்ந்தபின் எண்ணெயில் ஊறப்போட்டார். “திரவம் ஓடும் பக்கத்துக்கும் இதையே வெட்டிப் போடக்கூடாதா, பாய்?” என்று கேட்டேன். “தம்பி, இந்தப் பக்கம் காத்து, அந்தப் பக்கம் ஆயிலு. காத்துக்குத் தோலு, ஆயிலுக்கு ரப்பரு. மாத்திப் போட்டா வண்டி நிக்காது” என்றார். நான் ஆசிரியப் பயிற்சியில் படித்த எந்தப் பாடக் குறிப்பும் இத்தனை சுருக்கமாக இருந்ததில்லை.

அவர் கையால் செய்ய நேர்ந்ததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 1953-இல் சுங்கவரி ஆணையம், உள்நாட்டு உற்பத்தித் திட்டமின்றி வெறுமே வண்டிகளைப் பூட்டித் தரும் நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லை எனும் நிலையை எடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் தம் பூட்டுசாலைகளை மூடின. அவற்றின் வண்டிகள் மட்டும் நாட்டிலே தங்கிவிட்டன. 1962-இல் சென்னைப் பாடியில் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனத்தாரும் கூடிப் ‘பிரேக்ஸ் இந்தியா’வைத் தொடங்கிய பிறகு, இந்திய வண்டிகளுக்கான பிரேக்குப் பொருள்கள் இங்கேயே உருவாயின. பின்னர் அதன் வார்ப்பாலை ஒன்று சோளிங்கரில் எழுந்தது. தோல் வட்டாரத்தின் ஓரத்தில் பிரேக்கின் இரும்பும் வார்க்கப்படலாயிற்று. ஆனால் பழைய அயல்நாட்டு வண்டி வைத்திருப்பவருக்கு இது பாதி வழித்துணைதான்.

என் நண்பர் ஒருவர் 1960-களின் இங்கிலாந்து வண்டியொன்றைக் குழந்தையைப் போல் பேணுபவர். பூஸ்டர் பழுதாகவே, ஒரு கடைக்காரர் வேறொரு வண்டியின் பூஸ்டரைக் கொடுத்தார். விட்டம் ஒன்றே, நான்கு போல்ட் துளைகளும் இசைந்தன. “அப்படியே உட்காரும் சார்” என்றாராம். உட்காரத்தான் செய்தது. வேலூரிலிருந்து புறப்பட்டுப் பள்ளிகொண்டா தாண்டியதும் சக்கரங்கள் தாமே இறுகின. கருகல் நாற்றம் எழுந்தது. பின் இருக்கையில் அவருடைய பேரக் குழந்தைகள் இருவர். நல்ல வேளையாக ஓரம் கட்டிவிட்டார்.

நேர்ந்தது இதுதான். பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கோல் சற்று நீளம். காலை எடுத்த பின்னும் பிஸ்டன் முழுதும் பின்வாங்காமல், திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியபடியே நின்றது. சிக்கிய திரவம் சூட்டால் விரிந்து பிரேக்கை மேலும் இறுக்கியது. இன்னும் சில மைல் சென்றிருந்தால் திரவம் கொதித்து, குழாயில் ஆவி நிறைந்து, மிதித்தாலும் பிரேக் பிடிக்காமற் போயிருக்கும். கோல் குட்டையானால் வேறு தொல்லை: வீணே ஆழ மிதிக்க வேண்டும். உதவி விகிதம் மிகுந்தால் ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பழைய டிரம் பிரேக்கின் கட்டைகளில் சில, சுழற்சியால் தாமே இறுகும் இயல்புடையன. அவற்றின்மேல் பெரிய பூஸ்டரை ஏற்றுவது ஓடுகிறவனைப் பிடித்துத் தள்ளுவது போலாகும்.

நம் நாட்டில் இன்னொரு வழுக்கலும் உண்டு. எரிபொருள் செலவுக்கு அஞ்சிப் பழைய பெட்ரோல் கார்களில் டீசல் எஞ்சினை மாற்றியவர் பலர். டீசல் எஞ்சினின் உறிஞ்சு குழாயில், பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போன்ற வெற்றிடம் இல்லை. தனியே ஒரு வெற்றிட பம்ப் வைக்காவிடில், எத்தனை விலையுயர்ந்த பூஸ்டரும் வெறும் தகர டப்பாவே.

‘பிரேக் ஆயில்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதியில் அத்திரவத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்திருந்தன. அன்று அப்பெயர் தகும். இன்று பெரும்பாலான கார்களுக்குரியது கிளைக்கால் வகைத் திரவம். பெயரை நம்பி அதில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கிண்ணங்கள் ஊதிப் பாழாகும். தமிழாசிரியர்கள் என்மேல் வருந்தினாலும், ‘பிரேக் திரவம்’ என்று சொல்லவே என் மாணவர்களைப் பழக்கினேன்.

2021-இல் மத்திய அரசு, 50 ஆண்டு கடந்து, பெரும் மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கெனத் தனிப் பதிவுமுறை வகுத்தது. ஆகவே பழைமையைக் காப்பதும் பாதுகாப்பைக் காப்பதும் ஒரே பட்டறையில் சந்திக்கின்றன. என் நண்பர் இறுதியில் தம் பழைய பூஸ்டரின் உடலையே வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் டயாப்ரத்தையும் ரப்பர்களையும் அதே அளவில் புதிதாக மாற்றினார். பிறகு எஞ்சினை அணைத்து, மிதியைப் பலமுறை அழுத்தி, எஞ்சிய வெற்றிடத்தைப் போக்கினார். மிதியை அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பியபோது, அது அவர் காலுக்குக் கீழே ஒரு விரற்கடை தானே இறங்கிற்று. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.