இனச்செல் கூடு: ஆய்வு வரலாறு

பாலூட்டிகளின் கருவில், ஓர் ஆதி இனச்செல்லிலிருந்து பிறந்த சகோதரச் செல்கள் நுண்ணிய பாலங்களால் இணைந்து வளரும் கூட்டம் இனச்செல் கூடு அல்லது சிஸ்ட் எனப்படும். சூலகத்தில் தோன்றும் நீர்க்கட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தொடக்க ஆய்வுகள்

பாலூட்டிகளின் இளம் சூலகத்தில் முட்டைச்செல்கள் குழாய் போன்ற திரள்களாக இருப்பதை 1863இல் ஜெர்மானிய உடலியலாளர் ஃப்ளூகர் விவரித்தார். அவை அருகருகே இருப்பவையா, ஒன்றோடொன்று இணைந்தவையா என்பதை ஒளி நுண்ணோக்கியால் உறுதிசெய்ய முடியவில்லை.

பாலங்கள்

1955இல் புர்கோஸ், ஃபாசெட் இருவரும் பூனையின் விந்தகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வளரும் விந்துச்செல்களுக்கிடையே சைட்டோபிளாசப் பாலங்களைக் கண்டனர். செல் பிரியும்போது சைட்டோபிளாசம் முழுமையாகப் பிளவுபடாததால் இவை உருவாகின்றன. செல்கள் ஒரே நேரத்தில் முதிர்வதற்கு இவையே காரணம் என 1959இல் ஃபாசெட் குழுவினர் விளக்கினர். பின்னர் முயல், மனிதக் கரு ஆகியவற்றின் சூலகங்களிலும் பாலங்கள் காணப்பட்டன.

அழியும் செல்கள்

மனிதப் பெண்கருவில் ஐந்தாம் மாதத்தில் ஏறத்தாழ 70 லட்சமாக இருக்கும் இனச்செல்கள், பிறப்பின்போது சுமார் 20 லட்சமாகக் குறைவதை 1963இல் பேக்கர் கணக்கிட்டார். இவ்வளவு செல்கள் ஏன் அழிகின்றன? குறையுள்ளவை களையப்படுகின்றன என்பது ஒரு விளக்கம்.

வேறொரு விளக்கத்திற்குப் பழ ஈ வழிகாட்டியது. அதன் கூட்டில் ஒரு செல் நான்கு முறை பிரிந்து 16 செல்களாகிறது. ஒன்று முட்டையாக, மற்ற 15 செல்களும் செவிலிச் செல்களாகி அதற்கு ஊட்டமளித்து மடிகின்றன.

சுண்டெலியில் சான்று

பெண் சுண்டெலிக் கருவிலும் இனச்செல்கள் ஒத்திசைந்து பிரியும் கூடுகளாக வளர்வதை 1998இல் பெப்ளிங், ஸ்பிராட்லிங் காட்டினர். பிறப்பையொட்டி இக்கூடுகள் உடைந்து, தனித்தனி முட்டைச்செல்களைச் சுற்றி நுண்பைகள் அமைவதை 2001இல் விவரித்தனர். 2016இல் லெய், ஸ்பிராட்லிங் நடத்திய ஆய்வில், சகோதரச் செல்களின் மைட்டோகாண்டிரியா, கோல்கை உறுப்புகள் முதலியன முட்டையாகப்போகும் செல்லுக்குள் சேர்வது தெரியவந்தது. அழியும் செல்களில் பல, தம் உடைமையைக் கொடுத்துவிட்டே மடிகின்றன.

எஞ்சிய கேள்வி

பாலம் நிலைத்திருக்கத் தேவையான டெக்ஸ்14 மரபணுவை நீக்கியபோது ஆண் எலிகள் மலடாயின (2006). பெண் எலிகளோ இனப்பெருக்கத் திறனை இழக்கவில்லை (2009). எனவே விந்தகத்தில் இன்றியமையாத இப்பாலம், சூலகத்தில் எந்த அளவுக்குத் தேவை என்பது இன்றும் ஆய்வுக்குரியது. ஒரு பெண்ணின் வாழ்நாள் முட்டை இருப்பு பிறப்புக்கு முன்பே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுவதால், இக்கேள்வி மருத்துவத்திற்கும் முக்கியமானது.