கலங்கலா, தெளிவா: மண் கரைக்குள் ஓடும் தண்ணீர் பற்றிச் சில குறிப்புகள்

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, வலுவிழந்து, போகிற போக்கில் எங்கள் பக்கம் வந்து கொட்டித் தீர்த்தது. அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வந்த வெள்ளம் வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அப்போது அரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையில், குடை இருந்தும் நனைந்துகொண்டு நின்றேன்.

ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. ஊரே அங்கே நின்று வேடிக்கை பார்த்தது. ஒரே ஒருவர் மட்டும் கரையின் வெளிப்பக்கம் இறங்கி, அடிவாரத்தில் டார்ச் அடித்தபடி நடந்தார். எனக்குப் பெரியப்பா முறை, எழுபது வயதைத் தாண்டியவர். ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த டம்ளரில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"கலங்கலா இருக்கா பாருடா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

தெளிவாகத்தான் இருந்தது. "அப்ப சரி"ன்னு கீழே கொட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

அவருடைய அப்பா அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். மடை திறப்பது, தண்ணீர் பங்கிடுவது, நண்டு வளை, எலி வளை அடைப்பது எல்லாம் அவர் வேலை. எனக்கு அன்றைக்கு உறுத்தியது ஒரே விஷயம்தான். கரை கசிகிறதே, அதற்கு இவர் பதறவே இல்லையே? பல மாதம் இதைப் பற்றிப் படித்ததில் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள்.

மண்ணால் கட்டிய எந்தக் கரையும் கசியும். ஏரிக்கரையும் சரி, வாணியாறு அணை மாதிரி ஏற்காடு மலையடிவாரத்தில் 65 அடிக்குத் தண்ணீர் நிறுத்துகிற அணையும் சரி. உள்பக்கம் தண்ணீர் உயர்ந்து நிற்கும், வெளிப்பக்கம் வயல் தாழ்ந்து கிடக்கும். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி வரும். எவ்வளவு வரும் என்பதற்கு முதலில் கணக்குச் சொன்னவர் ஹென்றி டார்சி. பிரான்சில் டிஜோன் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த பொறியாளர். மணல் நிரப்பிய குழாய்க்குள் தண்ணீர் விட்டுப் பார்த்து 1856இல் எழுதினார்: இரண்டு பக்க நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும், கடக்க வேண்டிய தூரம் கூடினால் குறையும். நம் கரைகள் மேலே வண்டி போகிற அகலத்திலும் அடியில் பல மடங்கு அகலத்திலும் இருப்பதற்கு ஒரு காரணம் இந்தத் தூரம்தான். கட்டியவர்களுக்கு டார்சியைத் தெரியாது, தேவையும் படவில்லை.

அந்தக் காலத்துப் பொறியாளர்கள் கசிவை எதிரியாகவே பார்த்தார்கள். கரையின் நடுவில் களிமண்ணைக் குழைத்து, மிதித்து, ஒரு சுவர்போல நிறுத்துவார்கள். பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் இருந்த டபிள்யூ. எல். ஸ்ட்ரேஞ்ச், இந்திய மண் அணைகளுக்கென்றே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். மிதிப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆடு மாடுகளை ஓட்டிவிட்டு மண்ணை மிதிக்க வைப்பது பல நாடுகளில் இருந்த பழக்கம். அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் இரும்பு உருளையில் குளம்பு மாதிரி முளைகள் வைத்து ஒரு ரோலர் செய்தார்கள். இன்றைக்கும் அதற்கு ஆட்டுக்கால் ரோலர் என்றுதான் பெயர். நம் கிடை ஆடுகளுக்கு யாரும் காப்புரிமை கொடுக்கவில்லை!

பார்வையை மாற்றியவர் கார்ல் டெர்சாகி. முதல் உலகப் போர்க் காலத்தில் இஸ்தான்புல்லுக்குப் பாடம் நடத்த வந்தவர். கருவி வாங்க வழியில்லாமல், கையில் கிடைத்த சுருட்டுப் பெட்டிகளை வைத்து மண்ணைச் சோதித்தார். 1925இல் அவர் புத்தகம் வந்தது. அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மண் துகள்கள் ஒன்றை ஒன்று அழுத்திப் பிடிப்பதால்தான் கரை நிற்கிறது. நடுவில் புகுந்த தண்ணீருக்கும் ஓர் அழுத்தம் உண்டு, அது துகள்களைத் தள்ளி விலக்கப் பார்க்கும். தண்ணீர் அழுத்தம் கூடக்கூடப் பிடி தளரும். ஒரு கட்டத்தில், வெளியேறும் இடத்தில் மண் துகளையே தூக்கிக்கொண்டு வரும். ஒரு துகள் போன இடத்தில் சந்து பெரிதாகும், அங்கே ஓட்டம் கூடும், இன்னும் மண் வரும். வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு குழாய் தோண்டியது மாதிரி ஆகிவிடும். இதைத்தான் பைப்பிங் என்கிறார்கள்.

அதனால் அவர் தந்த மருந்து அடைப்பது அல்ல. வெளியேறும் இடத்தில் மணலும் சல்லியும் அடுக்கி வடிகட்டி வைக்கச் சொன்னார். தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது. சல்லி ரொம்பப் பெரிதாக இருந்தால் மண் நழுவிவிடும். மணல் ரொம்பப் பொடியாக இருந்தால் தண்ணீர் தேங்கி அழுத்தம் ஏறும். இரண்டுக்கும் நடுவில் எந்த அளவு என்பதற்குத்தான் விதிகள் வந்தன. பெரியப்பாவின் டம்ளர் சோதிப்பதும் இதையேதான். தண்ணீர் வருகிறதா என்பதல்ல அவருடைய கேள்வி, மண் வருகிறதா என்பதுதான்.

இதைத் தவறவிட்டால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? 1976 ஜூன் 5, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம், டீட்டன் அணை. 93 மீட்டர் உயரம், புத்தம் புதுசு, முதல் முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் அணைக்குக் கீழே தெளிந்த ஊற்றுகள் கண்ணில் பட்டன. ஐந்தாம் தேதி காலையில் கலங்கல் தண்ணீர் வந்தது. ஓட்டையை அடைக்கப் போன இரண்டு புல்டோசர்களும் உள்ளே விழுந்தன. நண்பகலுக்குச் சற்று முன் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். பட்டப்பகலாக இருந்ததாலும் பார்த்தவர்கள் சொன்னதாலும்தான் எண்ணிக்கை அதோடு நின்றது.

மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை உடைந்தது 2019 ஜூலை 2, இரவில். ஏறக்குறைய இருபது பேர் போனார்கள். கசிகிறது என்று முன்பே புகார் சொன்னோம் என்றார்கள் ஊர்க்காரர்கள். அமைச்சர் ஒருவர் நண்டுகள் மேல் பழி போட்டார், நாடே சிரித்தது. நண்டு வளை தண்ணீருக்குக் குறுக்குவழி என்பது உண்மைதான், எங்கள் நீர்க்கட்டிக்கும் அது தெரியும். ஆனால் நண்டு வளையைத் தேடி அடைக்க ஓர் ஆளை வைத்திருந்தார்கள் அல்லவா, சிரித்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் பெரியப்பாவிடம்தான் பார்த்தேன். அன்று மதியம் சில பையன்கள், மதகை முழுசாகத் திறந்து ஏரியை வடித்துவிட்டால் பயமில்லை என்றார்கள். "ஒரே மூச்சா எறக்கினா உள்வாய்ச் சரிவு ஒக்காந்துக்கும்டா"ன்னு தடுத்துவிட்டார். பாடப்புத்தகத்திலும் இதுவேதான். ஏரி நிறைந்திருக்கும்போது வெளியே நிற்கும் தண்ணீரின் எடை உள்சரிவைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் தாங்கல் போய்விடும், மண்ணுக்குள் ஊறிய தண்ணீரோ அவ்வளவு வேகமாக வடியாது. கனத்த, பிடி தளர்ந்த மண் வில்லாக வளைந்து சரியும். அந்த வளைவை வைத்துச் சரிவின் பலத்தைக் கணக்கிடும் முறை ஸ்வீடனில் பிறந்தது, 1916இல் கோதன்பர்க் துறைமுகச் சுவர் சரிந்த பிறகு.

வரலாற்றில் எனக்குச் சங்கடமான பகுதி இனிமேல்தான். கரை காத்தவர்கள் யார்? 1858இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம். உழைக்கும் வகுப்பு என்று எழுதியே வைத்தார்கள். கரைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர் வீட்டில் இருக்கலாம், மண் சுமப்பவர் மழையில் வர வேண்டும். குடிமராமத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் படிக்கலாம். பெரியப்பாவும் தன் பிள்ளைகளை அந்த வேலைக்கு விடவில்லை. ஒருவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், இன்னொருவர் திருப்பூரில். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த இடத்தில் யாரும் வரவில்லை. 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்பும் பின்பும் அணையைச் சோதிக்கச் சொல்கிறது, கசிவை அளக்கக் கருவி வைக்கச் சொல்கிறது. நல்ல சட்டம். 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள அணைகளுக்கு, சில நிபந்தனைகளோடு 10 மீட்டரிலிருந்தும், அது பொருந்தும். வாணியாறு உள்ளே வரும். எங்கள் ஏரிக்கரை 18 அடிதான். இப்படிப்பட்ட ஏரிகளை அது தொடாது, அவற்றின் கீழேதான் தெருவும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன.

போன ஐப்பசியில் நானே இறங்கி நடந்து பார்த்தேன். வெளிச்சரிவு முழுக்கச் சீமைக்கருவேல முள், பாதி தூரம் போகவே முடியவில்லை. வெட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. பெரியப்பா காட்டிய இடத்தில் மட்டும் நானும் தம்பியும் முள்ளை வெட்டி, ஒரு தகரத்தை வளைத்துச் செருகி, லிட்டர் பாட்டிலில் பிடித்தோம். ஏரி பாதி இருந்தபோது நிரம்ப 41 விநாடி. மார்கழியில் கோடி போனபோது 23. இரண்டு முறையும் தண்ணீர் தெளிவு. நோட்டில் தேதி போட்டு எழுதி, நோட்டைப் பெரியப்பா வீட்டிலேயே வைத்திருக்கிறோம். அடுத்த அளவு ஏரி வற்றும்போது.