அரணும் அடைக்கலமும்

ஆனைமலைத் தொடரில் பெய்யும் மழைக்கு இரு வழிகள் உண்டு. நம் பொள்ளாச்சிப் பகுதியின் ஆழியாறு மேற்கே கேரளம் நோக்கிச் செல்கிறது. அமராவதியோ உடுமலைப் பக்கமாகக் கிழக்கே இறங்கி, கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, கொள்ளிடத்தை வடக்கே அனுப்புகிறது. இவ்விரு ஆறுகளும் அணைத்து நிற்கும் நிலமே திருச்சி மாநகரின் பழம்பெரும் தீவாகிய திருவரங்கம். ஏழு திருச்சுற்றுகள் கொண்ட அரங்கநாதர் கோயிலும், இறைவனை நீர் வடிவில் போற்றும் திருவானைக்காவும் இத்தீவில்தான் உள்ளன.

பாரீஸ் மாநகரின் நடுவிலும் இத்தகைய தீவொன்று உண்டு. செய்ன் ஆற்றின் சித்தே தீவில் 1163-ஆம் ஆண்டு எழத் தொடங்கிய நோத்ருதாம் அன்னையின் பேராலயத்தை அறியாத கத்தோலிக்கர் சிலரே. 2019 ஏப்ரல் 15 அன்று அதன் கூரை தீப்பற்றி எரிந்தபோது உலகமே கலங்கியது. ஆண்டவரின் முள்முடி எனப் போற்றப்படும் திருப்பண்டத்தைத் தீயணைப்பு வீரர்களும் அவர்களுடைய ஆன்மகுருவும் மீட்டனர். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

திருவரங்கமும் இத்தகைய துயரை அறியும். 1323-இல் தில்லிப் படை நெருங்கியபோது, அடியார்கள் தம் இறைவனின் திருவுருவைச் சுமந்துகொண்டு தீவை விட்டகன்றனர். காடும் மலையும் கடந்த அந்த அலைச்சல் ஏறத்தாழ 48 ஆண்டுகள் நீடித்தது. விஜயநகர ஆட்சியில், 1371-இல்தான் அவ்வுருவம் கோயிலுக்குத் திரும்பியது. புறப்பட்ட தலைமுறையில் எத்தனை பேர் அந்நாளைக் கண்டிருப்பர்? உடன்படிக்கைப் பேழையைச் சுமந்து நடந்த இஸ்ரயேல் மக்களை நினைவில் கொண்டுள்ள நமக்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று.

மற்றொரு நிகழ்ச்சி நம்மை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. 1752-இல் சந்தா சாகிபும், ஜாக் லா என்பவரின் தலைமையிலான பிரெஞ்சுப் படையும் இத்தீவில் பதுங்கி, கோயில் மதில்களையே கோட்டையாகக் கொண்டனர். ஆங்கிலேயரும் அவர்தம் நேசப்படையினரும் தீவை முற்றுகையிட்டனர். அவ்வாண்டு ஜூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டு மாண்டார். ஐரோப்பியரின் இரு படைகளும் கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய நாடுகளிலிருந்து வந்தவையே. பிறர் வழிபடும் இடம் அவர்களுக்குப் போருக்கு உகந்த மதிலாக மட்டுமே தோன்றியது.

நோத்ருதாமுக்காகக் கலங்கிய நெஞ்சம் இதைக் கண்டும் கலங்க வேண்டாமா? பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நம்மைப் பணித்தது. அம்மதிப்பு நம் விசுவாசத்தைக் குறைப்பதில்லை. அயலார் மண்டியிடும் இடத்தில் நம் குரலைத் தாழ்த்தக் கற்பிக்கிறது.

திருவரங்கத்தைக் கடந்து செல்லும் கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் அங்கே எழுப்பிய ஆலயத்தின் தலைவிக்கு அடைக்கல அன்னை என்று பெயர். அடைக்கலம் என்ற அச்சொல்லுக்குள் நாம் கற்கவேண்டிய பாடம் முழுவதும் அடங்கியுள்ளது. இறைவனின் இல்லம் எவருடையதாயினும், அதை அரணாக்க முனைவோர் பக்கம் நாம் நிற்கலாகாது. அங்கே அடைக்கலம் தேடுவோர் பக்கமே நம் இடம்.