மாத்திரை போட்டால் பல்செட்டில் பூஞ்சை போய்விடுமா?

ஈஜிபுராவில் உங்களோடு தங்கியிருக்கும் அப்பாவுக்கு, பல்செட் கழுவும் மாத்திரையை ஆன்லைனில் ஆர்டர் போட்டிருப்பீர்கள். தண்ணீரில் போட்டால் பொங்கி நுரைக்கும். அதோட வேலை முடிஞ்சிடுச்சா? இல்லை.

ஏன்?
பல்செட்டின் அக்ரிலிக் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கேண்டிடா என்ற பூஞ்சை அங்கே ஒட்டி, வழுவழுப்பான படலமாகப் படரும். இதுதான் பயோஃபிலிம். மேலண்ணம் சிவந்துபோக இது முக்கியக் காரணம்; பலருக்கு வலியே இருக்காது. மாத்திரை கறையை இளக்கும், கிருமிகளைக் குறைக்கும். ஆனால் ஒட்டிய படலத்தைப் பெயர்த்தெடுக்கத் தேய்த்தே ஆகணும்.

என்ன செய்யலாம்?
• தினமும் மென்மையான பிரஷ், மிதமான சோப்பு போட்டுத் தேய்க்கவும். டூத்பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும், அதில் பூஞ்சை தங்கும்.
• பிறகு மாத்திரைக் கரைசலில், பாக்கெட்டில் சொன்ன நேரம் ஊறவைக்கவும். நன்றாக அலசாமல் வாயில் போடக் கூடாது.
• கொதிநீர் கூடாது, செட் வளைந்துவிடும். உலோகம் உள்ள செட்டுக்கு ப்ளீச் கூடாது, அரித்துவிடும்.
• தூங்கும்போது கழற்றி, தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கடைசி விஷயம் சின்னதல்ல. ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை 3 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து 2 மடங்குக்கும் மேல்.

இன்றிரவே அப்பாவின் அண்ணத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சிவந்திருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்திலேயே செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கு.