புகைபோக்கி கற்பித்த பாடம்

வாடைக் காற்று வீசும் கூதிர்க் காலத்தில் மக்கள் 'தடவு' என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பிட்டுக் குளிர் காய்ந்த செய்தியை நக்கீரரின் நெடுநல்வாடை தெரிவிக்கின்றது. தமிழகத்துக் குளிருக்கு அச்சட்டியே போதுமானதாயிருந்தது. ஆனால், ஆண்டிற் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலை வேறு. அங்கே வீட்டினுள் இரவும் பகலும் நெருப்பு எரிந்தாக வேண்டும்; இல்லையேல் உயிர் வாழ்வதே அரிது. மரத்தாற் கட்டிய வீட்டிற்குள் நெருப்பை ஓயாது எரிய விடுவது எவ்வாறு? அந்நெருப்பு வீட்டை எரிக்காமலும், அதன் புகை ஆளைக் கொல்லாமலும், அதற்கு வேண்டிய விறகு காட்டையே அழிக்காமலும் காப்பது எவ்வாறு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடிய முயற்சியே விறகுக் கணப்படுப்பின் வரலாறாகும். ஒன்றுக்குக் கண்ட விடை மற்றொன்றுக்குத் தீங்காய் முடிந்ததே இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி.

புகைக்கு ஒரு வழி

பழங்கால ஐரோப்பிய வீடுகளில் கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு எரிந்தது. புகை கூரையிலிருந்த துளை வழியாக மெல்ல வெளியேறியது. சுவரோடு சேர்த்துக் கட்டிய புகைபோக்கி ஏறத்தாழப் பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் கோட்டைகளிலும் மடங்களிலும் தோன்றியது. எளிய மக்களின் வீடுகளுக்கு அது வந்து சேர மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின. 1577இல் இங்கிலாந்தின் நிலையை விவரித்து எழுதிய வில்லியம் ஹாரிசன், தம் ஊர் முதியோர் தம் வாழ்நாளிற் கண்ட பெரு மாறுதல்களுள் ஒன்றாகப் புதிதாய்ப் பெருகிய புகைபோக்கிகளைக் குறிப்பிட்டதாகக் கூறுகிறார். புகை வீட்டு மரங்களைக் கெட்டிப்படுத்தும், மாந்தரை நோயினின்று காக்கும் என்ற பழைய நம்பிக்கையையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அடுப்பின் மேலே பரண் கட்டி, புகை படும்படி விதைகளைத் தொங்கவிட்ட தமிழர்க்கு இந்நம்பிக்கை புதியதாய்த் தோன்றாது.

புகை வெளியேறியது, ஆனால் தீ அதன் பின்னே சென்றது. அமெரிக்காவிற் குடியேறிய ஐரோப்பியர், செங்கல்லும் சுண்ணாம்பும் எளிதிற் கிடைக்காமையால், மரச் சட்டங்களை அடுக்கி மண் பூசிப் புகைபோக்கிகளைக் கட்டினர். மேலே வைக்கோற் கூரை. பூசிய மண் உதிர்ந்தால் அடுத்த நொடியே தீ! பாஸ்டன் நகரில் வீடுகள் தீப்பற்றியதன் விளைவாக, மரப் புகைபோக்கிகளும் வைக்கோற் கூரைகளும் 1631இல் விலக்கப்பட்டன. இன்று நியூயார்க் எனப்படும் நியூ ஆம்ஸ்டர்டாமில் 1648இல் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசண்ட் புகைபோக்கிகளைப் பார்வையிடத் தீக் கண்காணிப்பாளரை அமர்த்தினார். துப்புரவற்ற புகைபோக்கிக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. அப்பணத்தைக் கொண்டு ஏணிகளும் வாளிகளும் வாங்கப்பட்டன.

பிலடெல்பியாவுக்காக 1696இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் ஒரு படி முன்னேறியது. புகைபோக்கி தீப்பற்றும் அளவுக்கு அழுக்கேற விட்ட வீட்டுக்காரருக்கு 40 ஷில்லிங் தண்டம். ஒவ்வொரு வீட்டிலும் 12 முதல் 14 அடி நீளமுள்ள துடைப்பக் கோல் ஒன்றும் தோல் வாளிகள் இரண்டும் இருத்தல் வேண்டும். ஒருவர் வீட்டுப் புகைபோக்கி ஊரார் அனைவருக்கும் உரிய கவலை என்பதை மக்கள் உணரத் தொடங்கிய காலம் அது.

பிராங்கிளினின் பெட்டி

அந்தப் பிலடெல்பியாவில்தான் பெஞ்சமின் பிராங்கிளின் வாழ்ந்தார். கொள்ளிகளைத் திறந்த கரண்டியில் அறைக்கு அறை எடுத்துச் செல்லாதீர், மூடிய கலத்திற் கொண்டு செல்வீர் என்று 1735இல் தம் செய்தித்தாளில் அறிவுறுத்தியவர் அவர். மறு ஆண்டில், 1736இல், தீயணைக்கும் தொண்டர் குழு ஒன்றை நண்பர்களோடு அமைத்தார். 1752இல் தீக் காப்புறுதிக் கழகம் ஒன்று தோன்றவும் காரணமாயிருந்தார்.

அக்காலத்துத் திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். நெருப்பின் முன் அமர்ந்தவனுக்கு முகம் பொசுங்கும், முதுகு விறைக்கும். நூறாண்டுகளுக்கு முன் வாயிற்படியிற் கிடைத்த விறகைச் சில ஊர்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறதே என்று பிராங்கிளின் வருந்தினார். வார்ப்பிரும்புத் தகடுகளாலான புதிய கணப்பு ஒன்றை அமைத்து, 1744இல் அதனை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். முன்னர் எரித்த விறகில் நாலில் ஒரு பங்கைக் கொண்டே தம் அறை இரு மடங்கு வெதுவெதுப்பாய் இருப்பதாக அதில் எழுதினார். ஆளுநர் தர முன்வந்த தனியுரிமையை அவர் ஏற்கவில்லை. பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயனடைவது போல நம் கண்டுபிடிப்பால் பிறர் பயனடைதலே முறை என்பது அவர் கொள்கை.

எனினும் அக்கணப்பில் ஒரு குறை இருந்தது. வெப்பத்தை முழுதும் கவர விரும்பிய பிராங்கிளின், புகையைப் பெட்டியின் பின்புறமாகக் கீழே இறக்கி, தரைக்கு அடியிற் செலுத்தி, பின்னரே புகைபோக்கியில் ஏற்றினார். சூடான புகை தானே மேலெழும். கீழிறங்க வேண்டுமானால் புகைபோக்கி முன்பே நன்கு சூடேறி இழுவை பெற்றிருக்க வேண்டும். நெருப்பு தணிந்தபோதெல்லாம் இழுவை அறுந்து புகை அறைக்குள் திரும்பியது. பின் வந்தோர் அந்தக் கீழ்வழியைக் கைவிட்டு, பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டனர்.

1767இல் சுவீடனின் கார்ல் யோஹன் கிரான்ஸ்டெட் வேறொரு வழி கண்டார். ஓடு பதித்த உயரமான அடுப்பினுள் புகையைப் பல வளைவுகளில் மேலும் கீழும் செலுத்தினார். சிறிது நேரம் கடும் நெருப்பு மூட்டினால் போதும். செங்கல் அவ்வெப்பத்தை வாங்கி வைத்து நெடுநேரம் வெளியிடும். 1796இல் ரம்போர்டு கோமகன் எனப்பட்ட பெஞ்சமின் தாம்சன், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையை ஏறத்தாழ 4 அங்குலமாகக் குறுக்கும் முறையை வெளியிட்டார். புகைபோக்கி பெரிதாயிருந்தால் நன்றாக இழுக்கும் என்ற பழைய எண்ணம் அத்தோடு வீழ்ந்தது.

கரியிற் கரைந்த சிறுவர்

குறுகிய புகைபோக்கிகளுக்கு ஒரு கொடிய விலை கொடுக்கப்பட்டது. பெரியவர் நுழைய இயலாத குழாய்களுள் இங்கிலாந்திற் சிறுவரை ஏற்றிக் கரியைச் சுரண்டச் செய்தனர். ஒன்பது அங்குலச் சதுரமே உடைய குழாய்களும் இருந்தன. முழங்கையும் முழங்காலும் தேய ஏறிய பிள்ளைகளுள் சிக்கி மூச்சடைத்து இறந்தோர் பலர். உயிர் பிழைத்து வளர்ந்தோர்க்கும் விடுதலை இல்லை. புகைக்கரி உடலிற் படிந்து நாளடைவிற் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதை லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எடுத்துக் காட்டினார். தொழிலால் விளையும் புற்றுநோய் ஒன்று மருத்துவ நூலில் விளக்கம் பெற்றது அதுவே முதன்முறை.

எட்டு வயதுக்குட்பட்டோரை இத்தொழிலிற் சேர்க்கலாகாது என்று 1788இலும், 21 வயதுக்குட்பட்டோர் ஏறலாகாது என்று 1840இலும் சட்டங்கள் வந்தன. நீண்ட கோல்களில் மாட்டிய தூரிகைக் கருவியை ஜார்ஜ் ஸ்மார்ட் 1803இலேயே அமைத்திருந்தார். ஆயினும் கருவியினும் சிறுவன் மலிவாகக் கிடைத்தான். சட்டங்கள் ஏட்டளவில் நின்றன. 1875இல் மேலும் ஒரு சிறுவன் புகைபோக்கியிற் சிக்கி மாண்ட பின்னரே, துப்புரவாளர்க்குக் காவல் துறையின் உரிமம் கட்டாயமாக்கப்பட்டு அவ்வழக்கம் ஒழிந்தது.

மூடிய அடுப்பின் மறைந்த பகை

நிலக்கரியும் எண்ணெயும் மின்சாரமும் வந்தபின் விறகுக் கணப்பு பல நகரங்களிலிருந்து மறைந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அதனை மீண்டும் அழைத்து வந்தது. காற்றுப் புகாமல் இறுக மூடும் இரும்பு அடுப்புகள் அமெரிக்காவிற் பெருவாரியாக விற்பனையாயின. மாலையில் விறகை நிரப்பி, காற்றுவாயை ஏறக்குறைய அடைத்துவிட்டால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். சிக்கனந்தான்! ஆனால் போதிய காற்றின்றிப் புகையும் விறகிலிருந்து எரியாத தாரும் நீராவியும் எழுகின்றன. அடுப்பு வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால் புகை குளிர்ந்தே மேலேறுகிறது. குளிர்ந்த குழாயிற் படிந்து கிரியோசோட் என்னும் கரிய பிசினாக இறுகுகிறது. பச்சை விறகானால் இப்படிவு இன்னும் மிகுதி. பின்னொரு நாள் பெருநெருப்பு மூட்டும்போது அப்பிசின் தீப்பற்றுகிறது. புகைபோக்கித் தீயின் வெப்பம் 1000 பாகை செல்சியசையும் தாண்டக் கூடியது. செங்கல் வெடிக்கும், இரும்புக் குழாய் நெளியும், சுவருக்குள் மறைந்திருக்கும் மரம் பற்றிக்கொள்ளும். பிலடெல்பியாச் சட்டம் 1696இல் அஞ்சிய அதே தீ புதிய வடிவில் மீண்டும் தோன்றியது.

புகைபோக்கி இயங்குவது வெப்பத்தாலேயே. வெப்பம் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே பிடித்து வைக்க நினைத்தால் புகை மேலேறும் ஆற்றலை இழக்கும். பிராங்கிளினின் கணப்பு தவறியதும் இதனாலேயே; மூடிய அடுப்பு தீமை செய்ததும் இதனாலேயே. ஆகவே பின்னைய அறிஞர், வெப்பத்தைக் கவருமுன் புகையையே எரித்துவிட முனைந்தனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு அமைப்பு 1988இல் விறகடுப்புகளுக்குப் புகை வரம்பு விதித்தது. வினையூக்கி இல்லாத அடுப்புக்கு மணிக்கு 7.5 கிராம் என்றிருந்த வரம்பு, 2020இல் 2 கிராமாகக் குறைந்தது. இங்கிலாந்தில் 2021 முதல், சிறு அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மிகலாகாது.

நெறிகள் உரைக்கும் வரலாறு

இன்று குளிர்நாட்டு வீட்டில் விறகடுப்பு அமைப்போர் கைக்கொள்ளும் நெறிகள் இவ்வரலாற்றின் சாரமேயாகும். தனிச் சோதனைச் சான்று பெறாத அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 36 அங்குல இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கத் தீப் பாதுகாப்பு நெறி. அடுப்பின் அடியிலும், வாயின் முன்னே 18 அங்குல அளவுக்கும் தீப்பற்றாத தளம் அமைக்க வேண்டும். புகைபோக்கியின் முடி கூரையைத் துளைக்கும் இடத்தினின்று 3 அடியாவது உயர்ந்து, 10 அடிக்குள் உள்ள எப்பகுதியையும் விட 2 அடி மேலாக நிற்றல் வேண்டும்; இல்லையேல் காற்று புகையைக் கீழே தள்ளும். விறகைப் பிளந்து, மேலே மூடிப் பக்கங்களைத் திறந்து அடுக்கி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் உலர்த்த வேண்டும். ஆண்டுக்கொரு முறை புகைபோக்கியைப் பார்வையிட்டுத் துப்புரவு செய்ய வேண்டும். சாம்பலை மூடியுள்ள உலோகக் கலத்திலிட்டு வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். ஆறியதாய்த் தோன்றும் சாம்பலிற் கனல் நாட்கணக்கில் உறங்கும். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நஞ்சை அறிவிக்கும் கருவியும் வீட்டில் இருத்தல் வேண்டும்.

கடையில் அடுப்பு வாங்குவோர்க்கு இவை வெறும் அளவுகளாகத் தோன்றலாம். ஆனால் சுவரின் இடைவெளியைப் பாஸ்டனில் எரிந்த வீடுகள் கற்பித்தன. உலர்ந்த விறகின் அருமையைப் பிசினடைந்த குழாய்கள் உணர்த்தின. நீண்ட கோலும் தூரிகையும் கொண்டு இன்று ஒருவர் கூரைமேல் நின்று செய்யும் பணியை, ஒரு காலத்திற் குழாயினுள் ஊர்ந்து செய்தவர் பெயர் எழுதப்படாத பிள்ளைகள். அவர்களையும் நினைவிற் கொண்டு கற்பித்தால், மாணவர்க்கு இவ்வளவுகள் எளிதில் மறவா.