செப்டம்பர் 5உம் செப்டம்பர் 10உம்

செப்டம்பர் 5, திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் நினைவாக ஆசிரியர் தினம் என்பதை நம் பிள்ளைகள் அறிவர். ஐந்து நாள் கழித்து வரும் செப்டம்பர் 10 நம் இல்லங்களில் நினைவின்றியே கடந்துவிடுகிறது.

1965இல் அந்நாளில்தான் ஹவில்தார் அப்துல் ஹமீது பஞ்சாபின் அசல் உத்தர் போர்க்களத்தில் உயிர்நீத்தார். உத்தரப் பிரதேசத்தின் தாமூப்பூர் கிராமத்தில் தையற்காரரின் மகனாகப் பிறந்து, தந்தைக்குத் தையலில் உதவியவர். 1954இல் கிரனேடியர்ஸ் காலாட்படையில் சேர்ந்தார். ஜீப்பில் பொருத்திய பீரங்கியுடன், பயிர்களுக்கிடையே மறைந்து நின்று, பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்தார். இறுதியில் எதிரியின் குண்டுக்கு இரையானபோது அவருக்கு வயது 32. அம்மண்ணிலேயே அடக்கமும் செய்யப்பட்டார்.

1966 ஜனவரி 26 அன்று, அவருக்குரிய பரம்வீர் சக்ராவை அவருடைய மனைவி ரசூலன் பீவியிடம் வழங்கிய குடியரசுத் தலைவர், அதே ராதாகிருஷ்ணன்தான்.

ஏற்ற பொறுப்பு ஓர் அமானிதம் என்று மதரஸாவில் கற்பிக்கிறோம். அதை உயிர் கொடுத்துக் காத்தவர் ஹமீது. அதன் விலையை வாழ்நாளெல்லாம் சுமந்தவர் ரசூலன் பீவி. செப்டம்பர் 10 அன்று இவ்விருவரையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துங்கள். இருவருக்காகவும் துஆச் செய்யுங்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக! ஆமீன்.